ஊவா மலையில் வேலைக்குச் செல்லும் வழி

2022-ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருளுக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தபோது, கொழும்பு நகரின் வீதிகளில் பழைய காட்சியொன்று மீண்டும் தோன்றியது. மோட்டார் வண்டிகள் எண்ணெய் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசை பிடித்து நின்றன. அலுவலக உத்தியோகத்தரும், கடைச் சிப்பந்திகளும், ஆசிரியர்களும் மறந்துபோன துவிச்சக்கர வண்டிகளைத் துடைத்து, எண்ணெயிட்டு, அவற்றில் ஏறி வேலைக்குச் சென்றனர். நகரத்தார் பலருக்கு அது ஒரு பெரும் மாற்றமாகத் தோன்றியது. அதே நாட்களில் பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், கொழுந்து பறிக்கும் பெண்களின் காலைப் பயணத்தில் மட்டும் யாதொரு மாற்றமும் ஏற்படவில்லை. அவர்கள் நேற்றும் நடந்தே சென்றார்கள். அன்றும் நடந்தே சென்றார்கள்.

நகரத் தொழிலாளி ஓரிடத்தில் வாழ்கிறான். வேறோரிடத்தில் வேலை செய்கிறான். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை அவன் நடந்தோ, பஸ்ஸில் ஏறியோ, துவிச்சக்கர வண்டியை மிதித்தோ கடக்கிறான். அத்தொலைவு அவனுக்குத் தொல்லைதான்; ஆயினும் அதிலே ஓர் உரிமையும் அடங்கியுள்ளது. வேலைக்குப் போவதற்கு ஒரு வழி உடையவன், வேண்டாத வேலையை விட்டு வேறொன்றுக்குப் போவதற்கும் ஒரு வழி உடையவன் ஆகிறான். ஊவாத் தோட்டங்களின் கதையோ இதற்கு மாறானது. அங்கே வீடும் வேலையும் ஒருவர் கையிலேயே இருந்தன. மலைக்குப் பாதைகள் பல வந்தன. அவை எதற்காக வந்தன, யாருக்காக வந்தன என்று ஆராய்ந்தால், அம்மலையில் உழைத்தோரின் வரலாறே விளங்கும்.

ஊவாவின் நிலத்தோற்றத்தை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், பதுளு ஓயா சுற்றியோடும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அதன் தென்கிழக்கே நமுனுகுலை மலை 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தென்மேற்கே பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும், அதற்கும் அப்பால் அப்புத்தளை அதனினும் உயரத்திலும் உள்ளன. அப்புத்தளை விளிம்பில் நின்றால், மலை திடீரென அறுந்து விழுந்தாற்போலத் தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். இத்தகைய நாட்டில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதென்றால் ஒன்று ஏற வேண்டும், அன்றேல் இறங்க வேண்டும்.

பழங்காலத்தில் இம்மலைகளினூடே சென்ற பாதைகள் மனிதர் காலடியாலும் பொதிமாடுகளின் குளம்பாலும் அமைந்தவை. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றிச் சென்றன. மலையின் விளைபொருள்களைக் கீழே இறக்கிச் சென்றன. 1817, 1818 ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கிய ஆட்சியாளர், படையும் பீரங்கியும் செல்லத்தக்க வீதியின்றி மலைநாட்டை ஆள முடியாது என்பதை நன்குணர்ந்தனர். ஆகவே மலைக்கு வந்த புதிய வீதிகளின் முதல் நோக்கம் ஆட்சியே ஆயிற்று.

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் இக்காலத்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்ற அவர், ஊவாவில் பாதைகள் பல அமைத்தவருமாவார். 1845-ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட தூய மாற்கு ஆலயம் பதுளை நகரில் உள்ளது. யானைகள் காலங்காலமாக நடந்து வகுத்த தடங்களை மனிதர் வீதிகளாக்கிக்கொண்ட நாட்டில், யானையைக் கொன்ற ஒருவரே வீதி அமைத்தவராகவும் நினைக்கப்படுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ரொஜர்ஸ் மாண்ட மூன்றாண்டுகளின் பின், 1848-இல், தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் வீதிச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. மக்கள் இதனை வெறுத்தனர். அவ்வாண்டு மலைநாட்டில் எழுந்த கலகத்துக்கு அக்காலப் புதிய வரிகளுடன் இச்சட்டமும் ஒரு காரணமாகும். ஏனெனில் அந்த வீதிகளால் பெரும்பயன் அடைந்தது கோப்பித் தோட்டமே என்பதை நாட்டு மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கோ அந்நாளில் வீதி என்பது காடே. அவர்கள் பாக்குநீரிணையைத் தோணிகளில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கி நாட்கணக்கில் நடந்தனர். பசியாலும், தாகத்தாலும், வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். ஊவாவுக்குச் சென்றோர் மாத்தளையோடு நின்றுவிடவில்லை. மேலும் மலையேற வேண்டியிருந்தது. அவர்களுடைய வேலைப் பயணம் ஒரு நாள் காலைப் பயணமன்று. ஓர் ஆயுளின் பயணம்.

கோப்பியின் அறுவடை பருவத்துக்கு உரியது. பருவம் முடிந்ததும் தொழிலாளருள் பலர் தம் ஊருக்குத் திரும்பினர். எத்துணைக் கொடிய வழியாயினும், வந்த வழியே திரும்பிச் செல்வதற்கு அன்று ஒரு வாய்ப்பு இருந்தது. 1869-ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடூல்சீமைப் பகுதியிலே, கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத் துருப்போன்ற ஒரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வத்தை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியபோது தொழிலாளியின் வாழ்க்கையும் அடியோடு மாறிற்று.

தேயிலைக்குப் பருவ ஓய்வு இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டும் கொழுந்து பறித்தாக வேண்டும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் தந்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. அக்காலத்துக் கொழுந்தின் மணமே தனி. ஆயினும் காற்று எதுவாயினும், மழை எதுவாயினும், ஆண்டு முழுவதும் பறிக்கும் கைகள் தோட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் தோட்டத்திலே குடியமர்த்தப்பட்டனர். பெண்ணின் விரல்கள் பறிப்புக்கு ஏற்றவை எனக் கொள்ளப்பட்டன. ஆண் கவ்வாத்துக்கும், கான் வெட்டுவதற்கும், தொழிற்சாலை வேலைக்கும் சென்றான். பிள்ளைகளும் வளர்ந்து அதே பதிவேட்டில் ஏறினர்.

இவர்கள் வாழ்வதற்கு எழுந்தவையே லயங்கள். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அதன் அளவு சொல்லப்படுவதுண்டு. லயத்தைத் தேயிலை வளராத இடத்தில் கட்டினர். ஆனால் தேயிலைக்கு எட்டாத இடத்தில் கட்டவில்லை. நல்ல நிலம் செடிக்கு. எஞ்சிய பாறைச் சரிவும் பள்ளமும் மனிதருக்கு. வேலை செய்பவன் தொலைவிலிருந்து வருவதால் நேரும் தாமதம் இதனால் நீங்கிற்று. உலகின் பெருநகரங்கள் இன்றும் தீர்க்க முடியாது தடுமாறும் போக்குவரத்துச் சிக்கலைத் தோட்ட முதலாளிகள் மிக எளிதாகத் தீர்த்துவிட்டனர் எனலாம். பயணமே வேண்டாதபடி மனிதனை வேலையின் வாயிலில் குடிவைத்துவிட்டனர்.

பயணமே இல்லை என்று சொல்லும்போது, நடையே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. விடியுமுன் தப்பு ஒலிக்கும். சில தோட்டங்களில் கொம்பு ஊதப்படும். அவ்வொலி கேட்டதும் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, பெரட்டுக் களத்துக்கு விரைய வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆட்களை எண்ணி, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவர். பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்று பேர் விழாது. அதாவது அன்றைய நாட்கூலி இல்லை. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். பெரட்டிலிருந்து பறிக்கும் மலைக்கு ஏற்றம், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறக்கம், அதுவும் முதுகில் சுமையுடன், மீண்டும் ஏற்றம், மாலையில் மீண்டும் இறக்கம். ஒரு நாளில் நடந்த தொலைவைக் கூட்டிப் பார்த்தால், நகரத் தொழிலாளி துவிச்சக்கர வண்டியில் செல்லும் தொலைவுக்கு அது அதிகம் குறைந்திராது. ஆனால் அந்த நடை முழுவதும் தோட்ட எல்லைக்குள்ளேயே முடிந்தது. எத்தனை மைல் நடந்தாலும் அவர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை.

அந்தத் தோட்டத்திலிருந்து வெளியே சென்றது எது? தேயிலை. அதன் வழியை நோக்கினால் வியப்பே மிகும். செங்குத்தான தோட்டங்கள் பலவற்றில் மேல்மலையிலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பிவடம் இழுக்கப்பட்டது. கொழுந்து நிறைந்த சாக்குகள் அக்கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைப் பறந்து கடந்தன. கொழுந்து வாடிவிடலாகாது, நசுங்கிவிடலாகாது என்பது தொழிலின் விதி. 1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கியபின், ஊவாவின் தேயிலை ஆங்கில நாட்டுச் சாதாரணக் குடும்பங்களின் மேசைவரை சென்றது. தொழிற்சாலையில் பெட்டியில் அடைத்த தூள் மாட்டு வண்டியில் ஏறியது. பின்னர் லொறியில் ஏறியது. புகையிரதம் வந்ததும் அதிலே ஏறியது.

புகையிரதம் மலையேறிய கதை தனிச்சிறப்புடையது. கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867-இல் கண்டியையும், 1874-இல் நாவலப்பிட்டியையும், 1885-இல் நானுஓயாவையும் அடைந்தது. அடுத்த ஆண்டில், அதாவது 1886-இல், ஊவா ஒரு தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. ஊவாத் தோட்டத் துரைமார் தங்கள் மலைக்கும் இருப்புப்பாதை வேண்டுமென்று விடாது வாதாடினர். பட்டிப்பொல உச்சியைக் கடந்து 1893-இல் அப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் பாதை வந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேதான் பதுளைப் பாதை திறக்கப்பட்டது.

அம்முப்பது ஆண்டுகளின் கடைசிப் பகுதியில் எழுந்தவையே இன்று உலகப் பிரயாணிகள் வந்து படம் பிடிக்கும் அற்புதங்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் கட்டி முடிக்கப்பட்டது. தெமோதரையிலோ பாதை ஒரு மலையைச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. இச்சுற்றுப்பாதை பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. செங்குத்தான இறக்கத்தைக் கடக்க வழியறியாது பொறியியலாளர் திகைத்து நின்றபோது, அங்கிருந்த கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு இந்த யோசனை பிறந்தது என்பது அக்கதை. உண்மையோ பொய்யோ, மக்கள் இக்கதையைப் போற்றி வருவதற்குக் காரணம் உண்டு. பாதையின் பெருமையில் தங்களுக்கும் ஒரு முழத்துணி அளவேனும் பங்கு வேண்டும் என்னும் ஆசையே அது.

இப்பாதை தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கிற்று; அரிசியையும் ஆட்களையும் மலைக்கு ஏற்றிற்று. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை இருப்புப்பாதையோடு இணைந்தது. காட்டு வழிநடை ஒழிந்தது. மண்டபம் முகாமிலிருந்து பண்டாரவளை வரை ஏறிவர முடிந்தது. தொழிலாளியின் கழுத்தில் அவன் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. பெட்டிக்கு முத்திரை, ஆளுக்குத் தகரம். இரண்டும் ஒரே பாதையில் எதிரெதிராகச் சென்றன.

தோட்டத்தை அடைந்தபின் தகரம் கழன்றது; அதனினும் வலிய கட்டு ஒன்று வந்தது. அதன் பெயர் துண்டு. தொழிலாளி வரும்போதே வழிச்செலவும் முன்பணமும் கடனாக அவன் தலையில் ஏறியிருந்தன. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடன் தீர்த்தால் இவனை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனை ஏற்கும். கடனோ அவனைவிட்டு நீங்காது. அந்தச் சீட்டே துண்டு. அது இன்றி ஒருவன் அடுத்த மலைக்குக் கூட வேலைதேடிச் செல்லல் அரிது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் வீட்டையும் வேலையையும் பிணைத்த கட்டு அறவில்லை. வேலை போனால் லயக் காம்பராவும் போயிற்று. வேலையை விடுவது என்பது பிள்ளைகுட்டியோடும் சட்டிபானையோடும் வீதியில் நிற்பது என்றே பொருள்பட்டது.

இதே காலத்திலேதான் உலகின் பிற பகுதிகளில் உழைப்பாளியின் கைக்கு ஒரு புதிய ஊர்தி வந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் அமைத்த பாதுகாப்பான துவிச்சக்கர வண்டியும், 1888-இல் டன்லொப் கண்ட காற்றடைத்த டயரும் சேர்ந்து, மனிதன் தன் காலின் வலிமையாலேயே குதிரை வேகத்தில் செல்லும் வகையைத் தந்தன. வண்டியின் விலை குறையக் குறைய அது சீமானின் விளையாட்டுப் பொருளாயிருந்த நிலை மாறித் தொழிலாளியின் துணையாயிற்று. ஆலையின் நிழலில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் அவனுக்குக் குறைந்தது. கொழும்பிலும், சென்னையிலும், யாழ்ப்பாணத்துச் சமநிலத்திலும் துவிச்சக்கர வண்டி ஏழைக்கு எட்டிய சுதந்திரமாக விளங்கிற்று.

ஊவா மலை அதனை ஏற்கவில்லை. ஒரே பற்சக்கரம் கொண்ட கனத்த இரும்பு வண்டி பதுளை நகரின் சமமான தெருக்களில் ஓடும். ஹாலி-எல வீதியில் ஓரளவு ஓடும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வீதியோ இருபது மைலுக்குள் ஏறத்தாழ 1,800 அடி ஏறுகிறது. ஏறும்போது வண்டியை மனிதன் தள்ளிச் செல்ல வேண்டும். இறங்கும்போது தடைக்கட்டையை நம்பி உயிரை ஒப்படைக்க வேண்டும். மண்ணும் கல்லும் படிக்கட்டுமான தோட்டக் குறுக்குப்பாதையில் சக்கரத்துக்கு இடமே இல்லை. சரிவு மட்டுமே தடையன்று. வண்டி வாங்கக் கூலி போதாது. வாங்கினாலும் போய்ச்சேர வேறு வேலை இல்லை. துரைக்குக் குதிரை இருந்தது. பின்பு மோட்டார் வண்டி வந்தது. தபால் பையைச் சுமந்து கடைத்தெருவுக்கும் தோட்டத்துக்கும் இடையே நாள்தோறும் சென்ற தப்பால்காரரே நடந்துதான் சென்றார்.

இங்கே ஒன்றைச் சுட்டாது விடுவதற்கில்லை. அந்தத் துவிச்சக்கர வண்டியின் டயருக்கு வேண்டிய இறப்பர் எங்கிருந்து சென்றது? 1876-இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து இலங்கையின் இறப்பர்ப் பயிர் பெருகிற்று. ஊவாவின் தாழ்ந்த சரிவுகளிலும், மொணராகலைப் பக்கத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் தோன்றின. உலகத் தொழிலாளியின் சக்கரத்துக்குப் பால் சுரந்த மரங்களின் அடியில், அப்பாலை வடித்தவர் வெறுங்காலுடன் நடந்தனர்.

தோட்டத்தின் பாதைகள் தனியாருக்கு உரியவை. வெளியார் உள்ளே வருவதற்குத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே தொழிற்சங்கம் மலைக்குள் நுழைந்ததும் ஒருவகையில் பாதைக்கான போராட்டமே. 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. 1940-இல் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் அவற்றுள் புகழ் பெற்றது. பெரட்டுக்குச் செல்ல மட்டும் அறிந்திருந்த கால்கள் அன்று பெரட்டுக்குச் செல்ல மறுத்தன. நடப்பதற்கு இருந்ததொரு வழியை நடவாமலே பயன்படுத்திக்கொண்ட அறிவு அது.

நாடு சுதந்திரம் அடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்து, இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கிற்று. பஸ்கள் மலைநகரங்களையும் கடைத்தெருக்களையும் இணைத்தன. தோட்டத்தார் குறுக்குப்பாதையில் இறங்கிப் பெருவீதிக்கு வந்து பஸ் ஏறி, சம்பள நாளில் பதுளைக்கும், பசறைக்கும், அப்புத்தளைக்கும் சென்றுவர முடிந்தது. ஆனால் வெளியே வேலை தேடிக்கொள்வதற்குக் குடியுரிமை இல்லாமை பெருந்தடையாயிற்று. வழி திறந்திருந்தது, வாயில் அடைத்திருந்தது.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவாகும் என்பது அதன் சாரம். 1974-இல் அந்த எஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அவ்வொப்பந்தம் நிறைவேறிய ஆண்டுகளில் பதுளைப் புகையிரதம் ஒரு புதிய சுமையை ஏற்றது. பாட்டன் ஏறிவந்த பாதையில் பேரன் இறங்கிச் சென்றான். தலைமன்னாரிலிருந்து கப்பல் அவனை இராமேசுவரத்தில் இறக்கிற்று. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோயிருந்தது. மலையில் பிறந்து மலையன்றி வேறறியாத பலருக்கு அதுவே முதல் நெடும்பயணம். திரும்பிவராத பயணமும் அதுவே. தகப்பன் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் நிலையங்களில் நின்று அழுத அழுகையை அறிந்தோர், அந்தப் பாதையின் அழகை மட்டும் பேசமாட்டார்கள்.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளுக்கு மாறிற்று. இடையே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. குடியுரிமைச் சிக்கலும் 1988-ஆம், 2003-ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்வுக்கு வந்தது. இதன் பயனாக, நூற்றாண்டுக்கு மேலாக இல்லாதிருந்த ஒன்று மலையில் தோன்றியது. அதுவே வெளியே வேலைக்குச் செல்லும் பயணம். லயத்திலிருந்து இறங்கிப் பதுளைக் கடைகளுக்கும், பண்டாரவளை அலுவலகங்களுக்கும், பாடசாலைகளில் ஆசிரியப் பணிக்கும், அதற்கும் அப்பால் கொழும்புக்கும் இளைஞர் செல்லத் தொடங்கினர். பஸ்ஸும், முச்சக்கர வண்டியும், மோட்டார்ச் சைக்கிளும் மலைச்சரிவு துவிச்சக்கர வண்டிக்கு மறுத்த வழியை அவர்களுக்குத் திறந்தன.

ஆயினும் பழைய கட்டு முற்றிலும் அறுந்துவிடவில்லை. மகன் கொழும்பில் வேலை செய்தாலும், லயக் காம்பராவைக் காப்பதற்காகத் தாய் தோட்டத்துப் பதிவேட்டில் தன் பெயரை விடாது வைத்திருப்பாள். ஒருவரின் பெரட்டு மற்றவரின் பயணத்துக்கு விலையாகிறது. பொழுது விடியுமுன் அவள் மலையேறுகிறாள். பொழுது விடிந்தபின் அவன் வீதிக்கு இறங்குகிறான்.

வேலைக்கு அருகே கட்டிய வீட்டின் விலையை 2014 அக்டோபர் 29-ஆம் நாள் உலகம் கண்டது. கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பலர் உயிரோடு மண்ணுள் புதைந்தனர். நடந்து பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர்; அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அவ்விடம் மண்சரிவுக்கு உரியது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டு எழுந்து போவதற்கு, போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். லயத்தை விட்டால் வேறு வீடு இல்லாதவர் எங்கே போவார்? பெரட்டுக்கு எத்தனை அடி தூரம் என்று கணக்கிட்டு வீட்டுக்கு இடம் குறித்த ஒரு நூற்றாண்டுப் பழக்கம், மழை பெய்த ஒரு காலையில் தன் கணக்கை முடித்தது.

அதன் பின்னர் தோட்டத் தொழிலாளர்க்குத் தனி வீடும், ஏழு பேர்ச்சஸ் காணியும், அதற்கு உறுதியும் வழங்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடும் வீடுகள் சில எழுந்தன. ஏழு பேர்ச்சஸ் என்பது சிறு நிலமே. ஆனால் தன் பெயரில் உறுதி எழுதப்பட்ட நிலத்தில் வாழ்பவள், வேலை மாறினால் வீடு மாறவேண்டியவள் அல்லள். அவள் தேயிலை மலைக்கே செல்லலாம், பதுளைக்கும் செல்லலாம். எங்கே செல்வது என்பதை அவளே முடிவு செய்வாள்.

ஊவாவின் வீதிகளும் இருப்புப்பாதையும் பொறியியலின் பெருமைகள்தாம், அதில் ஐயமில்லை. அவற்றைக் கட்டியவரை நாடு போற்றுவது முறையே. ஆனால் ஒரு நாட்டின் பாதைகளை அளப்பதற்கு மைற்கல் மட்டும் போதாது. அப்பாதையில் யார் சென்றார், எது சென்றது, திரும்பிவர யாருக்கு வழி இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஊவாவில் தேயிலை முதலில் பயணம் செய்தது. அதைப் பறித்தவர் பயணம் செய்ய நூறாண்டுக்கு மேல் காத்திருந்தனர். பதுளை வீதியில் காலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் கையிலுள்ள பிரயாணச் சீட்டு, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் கழுத்தில் தொங்கிய தகரத்துக்கும், பாட்டனுக்கு மறுக்கப்பட்ட துண்டுக்கும் காலங்கடந்து கிடைத்த மறுமொழியாகும்.